என் காலில் டாக்டர் போட்ட கோடு

புரியாத பேச்சுக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச மர்பி டவுனிலேயே ஆள் கிடையாது. யாராவது இங்கிலீஷில் பேசினால் நடுநடுவே இடம் பார்த்து ஒரு ‘ம்’ போடுவேன். கடைசியில் மெதுவாக, ஒரே ஒரு தரம் தலையை ஆட்டுவேன். பார்க்கிறவர்கள், இந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், பேசத்தான் இஷ்டமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அறுபத்தெட்டு வயது வரை இதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன். அந்தத் திறமைதான் என்னை ஆபரேஷன் மேசையில், இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக, குனிந்து குனிந்து தேடிய ஒரு டாக்டர் முன்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

எனக்குப் படிப்பு இரண்டாம் கிளாஸ். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதவும் எழுதுவேன். (இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். எனக்கு இப்போது எங்கேயும் ஓட வேண்டியதில்லை.) இங்கிலீஷில் எஸ், எம், எல் தெரியும். எக்ஸையும் சேர்த்தால் நாலு எழுத்து. சட்டைக் கழுத்தில் இருப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவும் இல்லை.

இருபத்தாறு வருஷம் கார்மெண்ட்ஸில் செக்கிங் டேபிளில் நின்றேன். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக என் கைக்குத்தான் வரும். கறை இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருப்பார்கள், ஓட்டை இருந்தால் பெருக்கல் குறி. அதெல்லாம் சரி செய்தபின், அந்தக் குறிகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தடம்கூடத் தெரியாமல் பண்ணுவது என் வேலை. ஒரு பென்சில் கோடு மிச்சம் இருந்தாலும் பீஸ் ரிஜெக்ட். என் டேபிளைத் தாண்டிக் கோடு போட்ட பீஸ் ஒன்று வெளியே போனது கிடையாது. புதுப் பெண்கள் சேர்ந்தால் சூப்பர்வைசர் என்னைக் காட்டித்தான் வேலை சொல்லிக்கொடுப்பார். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். அவர் உட்கார்ந்தே சம்பாதித்தார், நான் நின்றே சம்பாதித்தேன். கடைசியில் அவருக்கு உட்கார முடியாமல் போனது, எனக்கு நிற்க முடியாமல் போனது.

அவருக்கு ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது, ‘ஆமா’. பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றாலும் ஆமா. (கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் நான் அவர் வாயிலிருந்து வாங்காத ஆமாவையெல்லாம் அவர் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷத்தில் வாங்கிவிட்டேன்.) படுத்த உடம்பு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எனக்கு மறந்துபோகும். அதனால் கட்டிலை ஒட்டின சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். இடப்பக்கம் என்றால் ஒரு கோடு, வலப்பக்கம் என்றால் ஒரு பெருக்கல்.

என் இடது காலில் கெண்டைச் சதை முழுக்க நீல நரம்பு சுருட்டிக்கொண்டு கிடந்தது. வெரிகோஸ் என்றார்கள். கணுக்காலுக்கு மேலே எட்டணா அகலத்துக்கு ஒரு புண், ஆறவே ஆறாது. அதைச் சேலைக்குள் மறைத்து நடந்தேன். கேட்டவர்களுக்குக் கொசு கடித்தது என்றேன். ஒன்றரை வருஷம் ஒரே கொசு.

ஒரு நாள் காலை, இவரைத் திருப்பும்போது கட்டில் இரும்பில் கால் உரசி ஒரு முடிச்சு வெடித்துவிட்டது. வலியே இல்லை. தரை ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால், குழாய் திறந்த மாதிரி பீச்சி அடிக்கிறது. எழுந்து நின்றேன். நிற்க நிற்க இன்னும் அடித்தது. இவர் என் பக்கமாகத் திரும்பிக் கிடந்தார், எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார், கத்த வேண்டும் அவருக்கு. ‘ஆமா, ஆமா, ஆமா’ என்றுதான் வருகிறது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு ஷமீம் வந்தாள். “அரே அல்லா! சரோஜாம்மா, கீழ படு, படுத்துக்கோ. ஹிலோ நக்கோ, அசையாதே” என்று என்னைத் தரையில் தள்ளி, என் காலைத் தூக்கி இவர் கட்டில் மேல் வைத்து, தன் துப்பட்டாவைச் சுருட்டி அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்றது. இவர் இடது கையால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். அப்படியே மூன்று பேரும் கால் மணி நேரம் இருந்தோம்.

ஷமீம் வராமல் இருந்திருந்தால் ஒரே அறையில் இரண்டு பேரும் போயிருப்போம், நான் முதலில், இவர் என்னைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

எந்த ஆபரேஷன் என்பதில் சண்டை வந்தது. ஷமீம் தன் காலுக்கு இரண்டு வருஷம் முன்பு லேசர் பண்ணிக்கொண்டவள். என் நாத்தனார் பேபி, ஜோகுபாளையத்தில் இருப்பவள், இருபது வருஷம் முன்பு பழைய முறையில் அறுத்துக்கொண்டவள். துணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் எதையும் பாஸ் பண்ணினதில்லை. இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்து, காலைக் காட்டச் சொன்னேன்.

பேபி முட்டிக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினாள். “இன்னொண்ணு தொடை மடிப்புல கீது. அத உனக்குக் காட்ட முடியாது” என்றாள். “அங்க ஒரு வெட்டு, இங்க ஒரு வெட்டு. பாவாடையிலேர்ந்து நாடாவை உருவற மாதிரி நரம்பையே உருவி எடுத்தாங்க அண்ணி. தொடை பூரா கத்திரிக்காய் கலர்ல ஆயிடுச்சு. ஒரு மாசம் படுத்த படுக்கை. ஆனா வேரோட போச்சு.”

“ஒரு மாசமா?” என்றேன். என் கண் சுவரில் இருந்த கோடுகளுக்குப் போனது.

ஷமீம் காலில் ஒன்றுமே இல்லை. “ஊசி ஓட்டைதான். உள்ள ஒரு கம்பி விட்டாங்க, சுட்டு மூடிட்டாங்க, நைலான் கயிறு முனையை நெருப்புல காட்டி ஒட்டுவோமே, அந்த மாதிரி. சாயந்திரம் நடந்தே வந்து நான்தான் சப்பாத்தி போட்டேன்.”

“அப்புறம் ஆறு மாசம் தொடை மரத்துக் கெடந்துதே, அதச் சொல்லேன்” என்றாள் பேபி.

“உனக்கு இருபது வருஷம் கழிச்சு அதே கால்ல புதுசா ஒரு முடிச்சு முளைக்குதே, அது க்யா?” என்றாள் ஷமீம்.

பேபி சட்டென்று சேலையை இறக்கிவிட்டாள்.

டாக்டர் கன்னடக்காரர், நம்மோடு தமிழில் பேசுவார். ஸ்கேன் பண்ணிவிட்டு, நான் கேட்காமலே இரண்டையும் விளக்கினார். “நோடிம்மா, பாருங்க, அஞ்சாறு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு விதக் காலும் ஏறக்குறைய ஒண்ணுதான். திரும்ப வர்றது ரெண்டுலயும் உண்டு. முதல் சில வாரத்துலதான் வித்தியாசம். லேசர்ல வலி கம்மி, சீக்கிரம் நடக்கலாம். ஆனா நரம்பு நேரா இருந்தாத்தான் கம்பி போகும். உங்களுக்கு மேலே நேரா இருக்கு. கீழே நூல்கண்டு சிக்கின மாதிரி இருக்கு.”

“அப்போ?”

“மேலே லேசர். கீழே அங்கங்கே சின்னச் சின்ன வெட்டு போட்டு முடிச்சை எடுத்துடுவோம். முதுகுல ஊசி போட்டு ரெண்டையும் ஒரே தடவையில முடிச்சுடலாம். மறுநாள் வீட்டுக்கு.”

வெளியே வந்ததும் பேபி, “பார்த்தியா அண்ணி, கடைசியில கத்திக்குத்தான் வரணும்” என்றாள். ஷமீமிடம் சொன்னபோது, “மேல் பாதி நம்மளுது” என்றாள். பாகப்பிரிவினை மாதிரி என் காலை முட்டியில் கோடு கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான் இவரை விட்டு இருக்க வேண்டும். அது போதும்.

என் மகள் செல்வி ஹெப்பகோடியில் வேலை செய்கிறாள். இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். சுவரைக் காட்டி, கோடு எதற்கு, பெருக்கல் எதற்கு என்று நாலு தரம் சொல்லிக்கொடுத்தேன். “தெரியும்மா, நீ கெளம்பு” என்றாள். இவரிடம், “ஏங்க, நாளைக்கு வந்துடுவேன்” என்றேன். ஆமா என்றார்.

ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் என்னை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி நிற்கவைத்தார். ஊதா மை பேனாவால் என் காலில் வரைய ஆரம்பித்தார். கோடு, வட்டம், அம்புக்குறி. கீழே போகப் போக ஒரே பெருக்கல் குறிகள். வரைந்து முடித்துவிட்டு நர்ஸ் பெண்ணிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். சொல்லும்போது என்னையும் ஒரு தரம் பார்த்தார். நர்ஸ் தலையாட்டினாள். நானும் இடம் பார்த்து, மெதுவாக, ஒரு தரம் ஆட்டினேன். இரண்டு தலை ஆடியது, ஒன்றுக்குத்தான் புரிந்தது.

பதினொரு மணிக்கு ஆபரேஷன். துணைக்கு வந்த பேபி காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் கட்டிலில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்ல? இருபத்தாறு வருஷம் நான் பார்த்து வெறுத்ததெல்லாம் என் காலிலேயே இருந்தது. இங்கே வட்டம், கறை. அங்கே பெருக்கல், ஓட்டை. எண்ணிப் பார்த்தேன், பதினேழு பெருக்கல். கம்பெனியில் பதினேழு பெருக்கல் போட்ட சட்டையைத் தரை துடைக்கக்கூட எடுக்கமாட்டார்கள். பெரிய டாக்டர், இன்னும் யார் யாரோ இருப்பார்கள், அவர்கள் முன்னால் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு மாதிரி ஒரு காலை எப்படி நீட்டுவது? டாக்டர்தான் பார்த்தாகிவிட்டதே. நர்ஸுக்குக் காட்டத்தான் வரைந்திருப்பார், பாடம் முடிந்தது, என்று நினைத்தேன். (இப்படித்தான் நான் நினைத்தேன். சத்தியமாக.)

கட்டில் முனையில் கை துடைக்கிற மருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். ஸ்பிரிட். அந்த வாசனை பட்டதும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

சேலை மடிக்குள் ஒரு பழைய கைக்குட்டை வைத்திருந்தேன். கம்பெனியில் செய்கிற மாதிரியே செய்தேன். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மை பரவும். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். புண் இருக்கும் இடத்தில் மட்டும் பட்டுத் தொலைத்து உயிர் போயிற்று, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடம் இல்லை. அந்தக் காலம் முடிந்தும் கை மறக்கவில்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பேபி வந்தாள். நர்ஸ் வந்து பச்சைத் துணியால் என்னைப் போர்த்தி, தள்ளிக்கொண்டு போனாள். முதுகில் ஊசி போட்டார்கள். கால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக யாருடையதோ ஆகிவிட்டது.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு வந்து துணியை விலக்கினார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“மார்க் எல்லி? மார்க் எங்கே?” என்றார் நர்ஸைப் பார்த்து.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போனது. “சார், போட்டிருந்துது சார்...”

“எங்கே போச்சு? போர்த்தும்போது நீ பார்க்கலையா?”

நான் மேசையிலிருந்தே சொன்னேன். “அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க சார். நான்தான் சுத்தம் பண்ணினேன். பாருங்க, ஒரு புள்ளி இருக்காது.”

அங்கே ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள்.

“சரோஜம்மா,” என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக. “நீங்க நின்னாத்தான் அந்த நரம்பு புடைக்கும். படுத்தா ரத்தம் வடிஞ்சு அமுங்கிடும், எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நிக்கவெச்சு மார்க் போட்டேன். அழிக்கக் கூடாதுன்னு சொன்னேனே, நீங்களும் தலையாட்டினீங்களே.”

“இப்போ வேணும்னா எழுந்து நிக்கிறேன் சார்” என்றேன்.

நிற்பதற்கு முயற்சியும் செய்தேன். காலுக்குச் சொன்னேன், நில்லு என்று. இருபத்தாறு வருஷம், காய்ச்சலிலும், தீட்டிலும், ஏழு மாச வயிற்றோடும் நில்லு என்றால் நின்ற கால். முதல் தடவையாக என் நன்மைக்காக நில்லு என்கிறேன், அது அசையவில்லை.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. மேலே இருந்த பெரிய நரம்பு ஸ்கேனில் தெரியும் என்பதால் அதை மட்டும் லேசரில் மூடினார். கீழே உள்ளதைக் குருட்டாம்போக்கில் அறுக்க மாட்டேன், இன்னொரு நாள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். வெடித்த முடிச்சு இருந்த இடம் அந்தக் கீழ்ப் பாதியில்தான். எந்த ஒன்றுக்காகப் போனேனோ அதைவிட்டு மற்றதெல்லாம் பண்ணிக்கொண்டு, தொடை வரை இறுக்கமான காலுறையோடு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் ஷமீம், “மேல் பாதி பாஸ்!” என்று கத்தினாள். பேபி எனக்கு முன்னால் உள்ளே போய், அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, நான் துடைத்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். “ஒரு புள்ளி இருக்காதுன்னு பெருமையா வேற சொல்லிக்கினு கீறாங்க அண்ணே, ஆபரேஷன் டேபிள் மேல!”

இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, உடம்பு குலுங்கிச் சிரித்தார். “ஆமா” என்றார். இரண்டு வருஷத்தில் அந்த ஒரு ஆமாவுக்குத்தான் அர்த்தம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி, நாலு நாள் மூச்சுக்குத் திண்டாடி, ஒரு மத்தியானம் போய்விட்டார். குளிப்பாட்ட வந்தவர்கள் உடம்பைத் திருப்பினார்கள். அதில் ஒருவர், “ரெண்டு வருஷம் படுத்த உடம்பு, முதுகுல ஒரு சின்னப் புண்ணுகூட இல்லையே” என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். தினமும் நான் வெளிச்சத்தில் பார்த்த உடம்பு அது. நான் பாஸ் பண்ணின கடைசிப் பீஸ்.

காரியம் முடிந்து, கீழ்ப் பாதிக்காக மறுபடி ஆஸ்பத்திரி. “இந்தத் தடவை மரத்துப்போற ஊசி மட்டும்தான். சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் டாக்டர். என்னை மகிழ்விக்கத்தான் சொன்னார்.

“அவசரம் ஒண்ணும் இல்லை சார்” என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். ஸ்டூலைக் காட்டினார். ஏறி நின்றேன். வரைந்து முடித்துவிட்டுப் பேனாவைச் செல்வியிடம் கொடுத்து, “உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி தமிழ்ல எழுதிடும்மா” என்றார். அவள் என் முட்டிக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள். நான் குனிந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தேன். “அ... ழி... க்... கா... தே.” நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே பெண்தான். அழிக்கவில்லை. பதினேழு முடிச்சும் போனது. புண்ணும் மூன்று மாசத்தில் ஆறியது. அந்தக் கொசு இப்போது இல்லை.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தது. கட்டில் இருந்த சுவரைப் பார்த்துவிட்டு அவர், “அம்மா, இந்தப் பென்சில் கிறுக்கல் மேல ரெண்டு கோட் அடிச்சாப் போயிடும்” என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். பேபியும் பார்த்தாள்.

“அத விட்டுட்டு அடிப்பா” என்றேன்.

அதனால் எங்கள் அறை இப்போது பச்சை, கட்டில் நீளத்துக்கு அந்த இடம் மட்டும் பழைய நீலம். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் பேபி பதில் சொல்லிவிடுவாள். “எங்க அண்ணி ஆஸ்பத்திரில டாக்டர் போட்ட மார்க்கை அழிப்பாங்க, வீட்டுல இருக்கற மார்க்குக்குக் காவல் காப்பாங்க!” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் இடம் பார்த்து, மெதுவாக, ஒரு தரம் தலையை ஆட்டுவேன்.

சுவரில் கடைசியாக இருப்பது ஒரு கோடு. அடுத்தது பெருக்கல் போட வேண்டும்.